சதுக்கம் என்பது சதுரமா?



உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருந்தது. "சதுக்கப் பூதம் என்பது யாது?" என்று கேட்டேன். பின்வரிசை மாணவன் ஒருவன் சற்றும் தயங்காமல் எழுந்து, "சதுர வடிவான பூதம், சேர்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் அசையவில்லை. "சுதந்திர சதுக்கம் என்றால் சதுரமான இடம்தானே, சேர்? அப்படியானால் சதுக்கப் பூதம் மட்டும் எப்படி வேறாகும்?" என்று திருப்பிக் கேட்டான்.

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று அது. கொழும்பில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, பஸ் பலகையிலும் பத்திரிகையிலும் மட்டுமே இச்சொல்லைக் கண்ட பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? சதுக்கம், சதுரம் இரண்டும் ஒரே ஓசையில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஸ்குவாயர்' என்ற ஒரே சொல்லே வழங்குகிறது. ஆகவே இந்த வாரம் சதுக்கம் என்ற சொல்லின் பின்னே சிறிது நடந்து பார்ப்போம். எங்கிருந்து புறப்பட்டது, வழியில் யார் யாரைச் சந்தித்தது, கொழும்பு கறுவாத்தோட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நோக்குவோம்.

சொல்லின் பிறப்பிடம் வடமொழி. இதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. நான்கு என்ற பொருளுடைய 'சதுர்' என்பதிலிருந்து 'சதுஷ்க' பிறந்தது; நான்கின் தொகுதி, நான்கு கூடியது என்பது அதன் நேர்ப்பொருள். பிராகிருதத்திலும் பாளியிலும் இடையிலுள்ள கடின ஓசை கரைந்து 'சதுக்க' ஆயிற்று. தமிழுக்கு வந்தது இந்தப் பிராகிருத வடிவம்தான். இவ்வோசை மாற்றத்துக்கு எமது நாட்டிலேயே உடன்பிறப்பு ஒன்றுண்டு. வடமொழிப் 'புஷ்கரணி' பாளியில் 'பொக்கரணி' ஆகி, சிங்களத்தில் 'பொக்குண' ஆயிற்று. அநுராதபுரத்துக் குட்டம் பொக்குணவைப் பார்த்தவர்கள் அடுத்த முறை அந்தப் படிகளில் இறங்கும்போது, சதுக்கமும் இதே ஓசைப்படிகளில் இறங்கி வந்த சொல்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

நான்கு கூடியது என்றால், எந்த நான்கு? இங்கேதான் என் மாணவனின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. சங்க நூல்களிலும் காப்பியங்களிலும் சதுக்கம் என்பது நான்கு தெருக்கள் கூடும் இடம். நிகண்டுகளும் உரைகாரரும் அதனை நாற்சந்தி என்றே விளக்கினர். அப்படியாயின் அது சதுரமன்று, சிலுவை போன்ற குறுக்கு வடிவம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். ஒரு தாளை எடுத்து, அகலமான இரு தெருக்களை ஒன்றையொன்று குறுக்கறுக்கும்படி வரைந்து பாருங்கள். இரண்டு தெருவுக்கும் பொதுவாக நடுவில் ஒரு துண்டு நிலம் கிடைக்கும். அத்துண்டு சதுரம். கிழக்குத் தெருக்காரனும் அதைத் தன்னது என்று சொல்ல இயலாது. தெற்குத் தெருக்காரனும் சொல்ல இயலாது. வழியாகப் பார்த்தால் குறுக்கு, வெளியாகப் பார்த்தால் சதுரம். வடமொழியிலும் பாளியிலும் இச்சொல்லுக்கு நாற்சந்தி, சதுர முற்றம் என இரு பொருளும் வழங்கியமைக்குக் காரணம் இதுவாகவே இருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் தமிழ் இந்த இரண்டில் வழியையே பற்றிக்கொண்டது. வடிவத்தைச் சொல்லத் தமிழுக்கு வேறு சொல் கிடைத்துவிட்டது.

அதுதான் சதுரம். இது 'சதுரச்ர', அதாவது நான்கு மூலை உடையது என்பதன் சுருக்கம். சிங்களத்து 'ஹதரெஸ்' என்பதும் இதன் வழிவந்ததே. பக்கங்கள் யாவும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி ஆதியில் இச்சொல்லோடு ஒட்டியிருக்கவில்லை. அதனால்தான் இன்றைய பாடநூல் 'செவ்வகம்' என்று சொல்வதை எங்கள் பாட்டன்மார் 'நீள்சதுரம்' என்றனர். நீளமான சதுரம் என்பது இன்றைய கணித ஆசிரியருக்கு முரண்பாடாகத் தெரியும்; பழைய தமிழுக்கு அதில் முரண் எதுவுமில்லை. நான்கு மூலை இருந்தால் போதும். கோயில் திருப்பதிகத்தில் மணிவாசகர் இறைவனைப் பார்த்து நம் இருவரில் யார் சதுரர் என்று கேட்கிறாரே, அந்தச் சதுரர் வேறு. திறமையாளர் என்று பொருள்படும் இன்னொரு வடசொல் அது. பரீட்சையில் இரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் ஆண்டுதோறும் உளர்.

தமிழ் தன் சொந்த எண்ணுப்பெயரைக் கொண்டும் இந்த வடிவத்தைச் சொல்லாமல் விடவில்லை. நாற்சந்தி அப்படி வந்தது. யாழ்ப்பாணத்து 'நாற்சார் வீடு' இன்னும் அழகானது. நடுவே வானம் பார்த்த முற்றம், அதன் நான்கு புறமும் சார்த்திய தாழ்வாரங்கள். அப்படியொரு வீட்டில் பிறந்தவருக்கு நான்கு சேர்ந்தால் நடுவில் ஒரு வெளி பிறக்கும் என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் இன்று அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு நாற்சார் என்பது சொல்லாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

அதே 'சதுஷ்க' இன்னொரு வாசலாலும் தமிழுக்குள் வந்தது என்பது வேடிக்கை. வட இந்தியாவில் அச்சொல் மேலும் தேய்ந்து 'சௌக்' ஆயிற்று. தில்லியில் 1650ஆம் ஆண்டளவில் ஷாஜகானின் மகள் ஜகானாரா அமைப்பித்த சாந்தினி சௌக் உலகறிந்தது. இந்தத் தேய்ந்த வடிவம் தமிழில் சவுக்கம் என்று வழங்கியது. ஆனால் இங்கே தெருவைக் குறிக்கவில்லை, துணியைக் குறித்தது. எங்கள் ஊர் முதியவர்கள் தோளில் போட்டு, வியர்வை துடைத்து, நிலத்தில் விரித்து இருந்து, வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொண்ட அந்தச் சவுக்கம்தான். சதுரமாக வெட்டிய துணி என்பதால் அப்பெயர். அடிக்கும் சவுக்குக்கும் இதற்கும் உறவில்லை. அது பாரசீகத்திலிருந்து வந்தது. ஆகவே சதுக்கமும் சவுக்கமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சங்க காலத்திலேயே வந்து காப்பியத்தில் ஏறியது. மற்றது பிந்தி வந்து தோளில் ஏறியது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களைச் சொல்லிவரும்போது சதுக்கத்தையும் சந்தியையும் அருகருகே வைக்கிறது. இரண்டும் ஒன்றாயின் நக்கீரர் இரண்டையும் சொல்லியிருக்க மாட்டார். நான்கு வழி கூடினால் சதுக்கம். மற்றக் கூடல்கள் சந்தி. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இந்த நுட்பம் இன்னும் விரிகிறது. கோவலன் மதுரைத் தெருக்களைச் சுற்றிப் பார்க்கும் இடத்தில் அந்தி, சதுக்கம், ஆவண வீதி, மன்றம், கவலை, மறுகு என்று இளங்கோ அடுக்கிச் செல்கிறார். அந்தி என்பது முச்சந்தி. கவலை என்பது கவர்த்துப் பிரியும் வழி. மனக்கவலையும் இந்த வழிக்கவலையும் ஒரே வேரினவோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவனின் நிலை இரண்டிலும் ஒன்றுதானே. தெருவின் வடிவத்துக்கு இத்தனை சொல் வைத்திருந்த மொழியில் நாம் இன்று எல்லாவற்றையும் 'ஜங்ஷன்' என்று முடித்துவிடுகிறோம்.

ஆனால் சதுக்கத்தை மற்றக் கூடல்களிலிருந்து பிரித்து நிறுத்துவது வழிகளின் தொகை மட்டுமன்று. அங்கே ஒரு காவலாளி நின்றான். அவன்தான் பூதம்.

இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று பூத சதுக்கம். தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோர், கற்பு நெறி பிறழ்ந்த மகளிர், அரசனுக்கு உள்ளே இருந்து குழிபறிக்கும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புவோர், பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தால் கட்டி, அடித்து உண்ணும் பூதம் அங்கே இருந்தது. அதன் குரல் நான்கு காத தூரம் கேட்கும். இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கள்வனும் கொலைஞனும் இதில் இல்லை. அவர்களை நகரக் காவலர் பிடித்துக்கொள்வார்கள். காவலர் கண்ணுக்குத் தெரியாத குற்றங்கள், வேடத்துக்குள்ளும் நாக்குக்குள்ளும் ஒளிந்திருக்கும் குற்றங்கள், இவையே பூதத்தின் பங்கு. ஒளிந்து செய்தது நாற்றெருவும் கூடும் இடத்தில் வெளிச்சமாகும் என்பது அந்த நகரத்தாரின் நம்பிக்கை. அதே புகாரில் பாவை மன்றம் என்று இன்னொன்றும் இருந்தது. அரசன் செங்கோல் கோணினால் அங்குள்ள பாவை வாய் பேசாது கண்ணீர் சொரியும். குடிகளின் பொய்க்குப் பூதம், கோலின் பிழைக்குப் பாவை.

அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையோன் கோவலனின் பழைய நற்செயல்களை அவனுக்கே நினைவூட்டுகிறான். அவற்றில் மூன்றாவது இந்தச் சதுக்கத்தில் நிகழ்ந்தது. பத்தினி ஒருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் ஒருவன் பொய்ச்சாட்சி சொன்னான். அவன் வறியவன் என்கிறார் இளங்கோ; எதற்காகச் சொன்னான் என்று சொல்லவில்லை. பூதம் அவனைப் பாசத்தால் கட்டிவிட்டது. அவனுடைய தாயின் துயரைக் கண்ட கோவலன், தானே அந்தப் பாசத்தினுள் புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விட்டுவிடு என்று வேண்டினான். பூதம் மறுத்துவிட்டது. தீயவன் உயிருக்காக நல்லவன் உயிரைக் கொண்டு மேலான கதியை இழக்கும் இயல்பு எனக்கில்லை, அந்த எண்ணத்தை விட்டுவிடு என்றது. தாயின் கண் முன்னே அவனை அடித்து உண்டது. கோவலன் அந்தத் தாயோடு சென்று, அவளுக்கும் அவள் சுற்றத்தார்க்கும் பல்லாண்டு காலம் உறவினன் போல நின்று பசி நீக்கினான்.

வகுப்பில் இக்கதையைக் கோவலனின் கருணைக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறார்கள். அது சரியே. ஆயினும் இளங்கோ இதனை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால்தான் நெஞ்சு திடுக்கிடும். ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் சதுக்கங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறான். அடுத்து அடைக்கலக் காதை. அதில் பொய்ச்சாட்சி சொன்னவனைப் புகாரின் சதுக்கப் பூதம் தண்டித்த கதை. அடுத்தது கொலைக்களக் காதை; அதில் பொற்கொல்லன் ஒருவன் பொய் சொல்கிறான், கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். மதுரையிலும் பூதங்கள் இல்லாமலில்லை. அழற்படு காதையில் நால்வகை வருணப் பூதங்களும் எரியும் நகரை விட்டு நீங்குவதைக் காண்கிறோம். சதுக்கங்களும் அங்கே இருந்தன; அவற்றினூடாகத்தான் அவன் நடந்தான். ஆனால் பொய்யனைப் பாசத்தால் கட்டும் பூதம் ஒன்று அந்தச் சதுக்கங்களில் இருந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. பொய்யனுக்காகத் தன்னுயிரைக் கொடுக்க முன்வந்தவன் பொய்யன் ஒருவனாலேயே இறக்கிறான். புகாரில் சதுக்கம் நீதியின் இடம்; மதுரையில் அது வெறும் தெருக்கூடல். ஒரே சொல் இரண்டு நகரங்களில் இரண்டு கனத்தோடு நிற்கிறது. இளங்கோ இதனை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டதே அவர் பெருமை.

மணிமேகலையின் சிறைசெய் காதையில் இப்பூதம் மீண்டும் வருகிறது, இம்முறை பேச்சோடு. ககந்தன் புகாரை ஆண்ட காலம். காவிரியில் நீராடித் தனியே திரும்பிய மருதி என்ற பார்ப்பனப் பெண்ணை அவன் மகன் தகாத முறையில் அழைத்துவிட்டான். பிறர் நெஞ்சில் நான் புகுந்தது எப்படி என்று கலங்கிய அவள் வீட்டுக்குப் போகவில்லை; நேரே பூத சதுக்கத்துக்குப் போய் முறையிட்டாள். பூதம் முதலில் அவளிடமே குறை கண்டது. பிறர் சொல்லும் பிசியும் நொடியும் கேட்டு, விழாவை விரும்பித் திரிந்தாய் என்றது. இந்த இடத்தில் மாணவிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எனக்கும் அது ஒப்பவில்லை. ஆனால் அதன் பின்னர் பூதம் சொன்னதே முக்கியமானது. தண்டிக்கும் முறை முதலில் மன்னனுக்குரியது. அவனுக்கு ஏழு நாள் தவணை. அவன் தவறினால்தான் என் முறை என்றது. ஏழு நாளுக்குள் ககந்தன் செய்தி கேட்டுத் தன் மகனைத் தானே வாளால் வெட்டினான்.

இக்கதையை யார் யாருக்குச் சொல்கிறார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இளவரசன் உதயகுமாரன் கொலையுண்டு கிடக்கிறான். அவன் தந்தையாகிய சோழ மன்னனுக்கு முனிவர்கள் இதைச் சொல்கிறார்கள். அரச குலத்தவன் என்பதால் குற்றம் குற்றமில்லாமல் போகாது. நாற்றெரு கூடும் இடத்தில் அது கேட்கப்படும் என்பதை நினைவூட்டுவதற்குச் சாத்தனார் சதுக்கப் பூதத்தையே சாட்சிக்கு அழைத்திருக்கிறார்.

இப்பூதம் புகாரோடு நின்றுவிடவில்லை. சேரன் இளஞ்சேரல் இரும்பொறை சதுக்கப் பூதங்களை வஞ்சி நகருக்குக் கொண்டுவந்து நிறுவினான் என்பதைப் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துக்குரிய பதிகம் சொல்லும், சிலப்பதிகாரமும் குறிப்பிடும். புறநானூற்றில் 219ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைப் பாடியவர் அவர். வஞ்சியும் கருவூரும் ஒன்றென்று கொள்வோர்க்கு, அரசன் நிறுவிய பூதமும் புலவரின் பெயரும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது தெரியும். சதுக்கத்தில் நின்ற தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு இடும் அளவுக்கு அது மக்கள் வாழ்வில் கலந்திருந்தது.

பாளி நூல்களிலும் சதுக்கத்துக்கும் தண்டனைக்கும் இந்த உறவுண்டு. குற்றவாளியைச் சதுக்கம் சதுக்கமாக நிறுத்திக் கசையால் அடித்துக்கொண்டு செல்வது ஜாதகக் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே அடிப்பவன் அரசனின் ஆள். தமிழ்க் காப்பியத்தில் அடிப்பது பூதம். அரசனுக்கும் அதனிடம் அச்சமுண்டு.

பூதம் இன்று எங்கே? அது முற்றாகப் போய்விடவில்லை என்றே எனக்குப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் பூதவராயர் என்ற பெயரில் கோயில்கள் உண்டு. சந்திகளில் வைரவர் காவல் நிற்கிறார். பிள்ளைக்கு நாவூறு கழிக்க முச்சந்தி மண்ணும் செத்தல் மிளகாயும் உப்பும் தேடுகிறோம். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் இவ்வழக்கம் மறையவில்லை. வழிகள் கூடும் இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது எடுத்துக்கொள்ளும் என்ற நினைப்பு சங்க காலத்துச் சதுக்கத்திலிருந்து நேராக வந்ததென்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை.

சொல் மட்டும் பேச்சு வழக்கிலிருந்து நழுவியது. தெருக்கள் கூடும் இடத்துக்குச் சந்தி என்பதே நிலைத்தது. ஐந்துலாம்புச் சந்தி, ஆமர் வீதிச் சந்தி என்றுதான் வட கொழும்பில் இன்றும் வழி சொல்கிறோம். பஸ் நடத்துநர் 'ஹந்திய' என்று கூவினாலும் அது அதே சந்திதான். தமிழ்ச் சகரம் நிற்கும் இடத்தில் சிங்கள ஹகரம் நிற்கிறது, அவ்வளவே. சதுக்கம் ஏட்டுக்குள் போய்ப் பூதத்தோடு குடியிருந்தது.

அதை மீண்டும் வெளியே அழைத்துவந்தது ஆங்கிலம். 'ஸ்குவாயர்' என்ற சொல்லும் நான்கிலிருந்து பிறந்ததுதான். இலத்தீனில் நான்கைக் குறிக்கும் சொல்லின் வழியே பிரெஞ்சுக்கு வந்து, ஆங்கிலத்தில் முதலில் தச்சனின் மூலைமட்டத்தையும், பின்னர் வடிவத்தையும், அதற்கும் பின்னரே கட்டடங்கள் சூழ்ந்த நகரவெளியையும் குறித்தது. மூலைமட்டத்தில் தொடங்கி நகரவெளியில் முடிந்தது அதன் பயணம். நமது சதுக்கம் தெருக்கூடலில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டுப் பத்திரிகைத் தமிழில் இவை இரண்டும் சந்தித்தன. லண்டன் ட்ரபல்கர் சதுக்கம், மொஸ்கோ செஞ்சதுக்கம், 1989இல் தியனன்மென் சதுக்கம், 2011இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் என்று உலகத்துச் சதுக்கங்கள் எல்லாம் நம் வாசலுக்கு வந்தன.

இவற்றில் எது சதுரம்? செஞ்சதுக்கம் நீளமாகக் கிடக்கும் வெளி. அதன் நீளம் அகலத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அதற்கு ரஷ்ய மொழியில் வழங்கும் சொல்லில் நான்கும் இல்லை, மூலையும் இல்லை. தட்டையான பரப்பு என்பதே அதன் பொருள். சீனர் தியனன்மென்னை அகன்ற வெளி என்கின்றனர். தஹ்ரீரை எகிப்தியர் 'மைதான்' என்கின்றனர். அதுவோ நம் பள்ளிக்கூடத்து மைதானம். ஆங்கிலேயர் எல்லாவற்றையும் ஸ்குவாயர் என்றனர். நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சதுக்கம் என்றோம். வடிவத்தைப் பார்த்தால் இது பிழை. ஆனால் பழைய பொருளைப் பார்த்தால், வழிகள் வந்து கூடி, மக்கள் வந்து கூடி, மறைத்து வைத்தவை கேட்கப்படும் இடத்துக்குச் சதுக்கத்தைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. முதன்முதலில் அப்படி மொழிபெயர்த்தவர் சிலப்பதிகாரத்தை நினைத்துச் செய்தாரோ, அகராதியைப் புரட்டிச் செய்தாரோ, நமக்குக் கிடைத்தது நல்ல சொல். செஞ்சதுக்கத்தில் இன்னொரு தற்செயலும் உண்டு. இன்று சிவப்பைக் குறிக்கும் அந்த ரஷ்யச் சொல் முன்னாளில் அழகையும் குறித்தது. தமிழ்ச் செம்மையும் சிவப்பு, சிறப்பு என இரண்டையும் சுமக்கிறது. மொழிபெயர்ப்பில் இப்படி வாய்ப்பது அரிது.

எங்கள் சுதந்திர சதுக்கத்துக்கு வருவோம். அது முன்னர் டொரிங்டன் சதுக்கம். டொரிங்டன் பிரபு 1847 முதல் 1850 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். 1848 கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய ஆட்சி அவருடையது. அதன் பயனாகவே அவர் திருப்பி அழைக்கப்பட்டார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1948 பெப்ரவரி 10ஆம் திகதி, அவர் பெயர் தாங்கிய அந்த வெளியில்தான் குளோஸ்டர் கோமகன் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தார். பின்னர் அங்கே எழுந்த ஞாபகார்த்த மண்டபம் கண்டி அரசரின் மகுல் மடுவவைப் பார்த்துக் கட்டப்பட்டது. தூண்கள் வரிசையாக நிற்கும் நீள்சதுரக் கட்டடம் அது. காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சி செய்வோர் அதைச் சுற்றி வருகின்றனர். புகாரின் பெருந்தெருக்களைப் போல் நான்கு வழி வந்து கூடும் இடமன்று அது, சதுரமும் அன்று. என் மாணவனுக்கு நான் சொன்ன விடையும் இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பின் தெருப் பலகைகளில் தமிழ் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பாகவே இருக்கிறது. மாவத்தை என்பது சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியது; எழுதி எழுதி நமக்கும் பழகிவிட்டது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று என்றாலும், பலகையில் வரும் தமிழை எழுத்துப்பிழை பார்க்காமல் வாசிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. இத்தனைக்கும் நடுவில் சதுக்கம் மட்டும் மொழிபெயர்ப்பாக நிற்கிறது. சிங்களத்தில் 'நிதஹஸ் சதுரஸ்ரய' என்று மூலையை எண்ணிச் சொல்கின்றனர். தமிழில் வழியை எண்ணிச் சொல்கிறோம். ஒரே பலகையில் ஒன்று கணிதம் பேசுகிறது, மற்றது காப்பியம் பேசுகிறது. அரசு தன் விடுதலையை நினைவுகொள்ளும் இடத்துக்கு, அரசனுக்கு ஏழு நாள் தவணை கொடுத்த பூதம் நின்ற இடத்தின் பெயர் வாய்த்திருக்கிறது. அந்தப் பலகையை எழுதியவர் இதை எண்ணியிருக்க மாட்டார்.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கள் திரண்டது அங்கேயன்று, காலிமுகத்தில். கடலோரத்து அந்தப் பசும்வெளியைத் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் சீராக்கி முடித்தார். மாதக்கணக்கில் அங்கே கூடாரமிட்டு இருந்தவர்களைப் பற்றி எழுதிய நம் பத்திரிகைகள், கெய்ரோவைச் சதுக்கம் என்று எழுதியவையாயினும், காலிமுகத்தைத் திடல் என்றே எழுதின. பழக்கம் அப்படி. திடல் என்பது தூய தமிழ். நீர் சூழ்ந்த இடத்தில் மேடாகத் தெரியும் நிலத்துக்கும் அதுதான் பெயர். அந்தச் சொல்லைப் பற்றி இன்னொரு வாரம் பேசுவோம்.